தலைக்கு ஐந்து தினார்

ஹசாவியில் நாலாம் தெரு, சாக்கடைக்கு மூடி இல்லாத மூலை.
விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது பேச்சை நிறுத்தி
போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.
பழைய வீடு. ஹாலைப் பிளைவுட்டால் ஏழாக வெட்டி
ஏழுக்குள் இருபத்திரண்டு பேர்.
ஜன்னல் ஒன்று உண்டு. அதை மறைத்து ஓபுலேசுவின் பீரோ.
ஜன்னல் இருப்பதே தெரியாமல்
ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனவர்கள் உண்டு.

நான் டிராஃப்ட்ஸ்மேன். பகலெல்லாம்
யாரோ ஒருவரின் நீச்சல் குளத்துக்கு ஆழம் குறிப்பவன்.
"நமக்கும் ஒரு பிளான் போடேன்" என்றான் சேவுகன்.
போட்டேன். அளவோடு, வடக்கு அம்புக்குறியோடு.
சுற்றி நின்று பார்த்தார்கள்.
தில்பகதூர் மட்டும் கேட்டான்:
"இதில் செருப்பு எங்கே?"

இருபத்திரண்டு ஜோடி. ஷூ தனி.
நான் வரைந்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளி என் தாள்
பிரியாணிச் சட்டிக்கு அடியில் போயிற்று.
கட்டில்களை வாசலில் அடுக்கிவிட்டு
வெறுந்தரையில் ஒவ்வொருவராகப் படுக்க
சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தோம்.
கொலை நடந்த இடம் மாதிரி இருக்கு என்றான் ஒருத்தன்.
சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
ஷொஹிதுல் பகல் ஷிப்ட், கப்பார் இரவு ஷிப்ட்:
ஒரே கோட்டுக்குள் இரண்டு பெயர்.
முட்டி மடங்காத இருதயராஜுக்குக் கக்கூஸ் பக்கம்.
குழாய் வேலை சேவுகன் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி
அது எங்கே போகிறதென்று குந்திப் பார்த்தான்:
"தண்ணிக்குப் பிளான் படிக்கத் தெரியாது,
போற வழியில போடு."

பலகைகள் சைட்டிலிருந்து வந்தன.
எவர் வீட்டுக் கூரையையோ தாங்கி முடித்து
குப்பைக்குப் போக இருந்தவை,
ஒரு பக்கம் சிமெண்டுத் தோல் உரியாமல்.

ஓபுலேசு பீரோவை நகர்த்தவில்லை.
குபூஸ் கடையில் விடிய விடிய நிற்பவன்,
பகல்தான் அவனுக்கு ராத்திரி.
"உங்களுக்குக் காத்து. எனக்கு வெயில்."
மூன்று வெள்ளி இதிலேயே போயின.
சத்தம், ஒரு முறை சட்டைக் காலர், கப்பாரின் சமாதானம்.
கடைசியில் ஷொஹிதுல்
பலகையைப் பட்டையாய் அறுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பொருத்தினான்.
காற்று வந்தது. வெயில் வெளியே நின்றது.
நான் படித்து மறந்திருந்த சங்கதி அது;
சண்டை போட்டபோதுதான் வீட்டுக்கு வந்தது.

ஷொஹிதுல் ஆணியே அடிக்கவில்லை. எல்லாம் திருகாணி.
"அரை மணி வேலையை அரை நாளாக்குறியே" என்று கத்தினேன்.
"பாத் மே" என்றான். அப்புறம் சொல்கிறேன்.

ஒன்றாம் தேதி ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்
ஹாரிஸ் அபூ கரீம்.
ஜன்னல் முன் நின்று கண்ணை மூடினார்.
டீ கொடுத்தோம். குடித்தார்.
"வீடு நல்லா இருக்கு.
அடுத்த மாசத்திலிருந்து தலைக்கு ஐந்து தினார் அதிகம். முதலாளிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

விமானம் ஒன்று இறங்கியது.
போன பிறகும் யாரும் தொடரவில்லை.

ஷொஹிதுல் பைக்குள்ளிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து
டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தான்.
"எந்தத் தலைக்கு?"
பலகைகளில் மின்னிய திருகாணித் தலைகளை
அபூ கரீம் பார்த்தார். எண்ணினாரோ என்னவோ.
கழற்றினால் ஒரு பிக்கப் வண்டிக்குள் அடங்கும் வீடு.
பீரோவும் பழைய இடத்துக்கே போகும்.

பேரம் இன்னும் முடியவில்லை. இரண்டு தினாரில் நிற்கிறது.

நேற்று ராத்திரி ரசீதுப் புத்தகம் இல்லாமல் வந்தார்.
மாடிப்படிக்குக் கீழே அவர் படுக்கும் அறை,
காலை நீட்டினால் தலை இடிக்குமாம்.
சுண்ணக்கட்டி இருக்கா என்று கேட்டார்.
யாரும் எழவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.
தில்பகதூர் செய்த அலமாரியில்
இருபத்திரண்டு அறைகளும் நிறைந்திருக்க
அவர் செருப்பு என் செருப்பின் மேல் கிடந்தது.